நோயில்லாதவர் பத்தி

களியல் தாண்டி ஒரு வளைவில்
ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைதான்
இந்த மாதம் எங்கள் ஆய்வகம்.
மேசைக்கு ஒரு கால் குட்டை;
சிரட்டையைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்தாயிற்று.

கருவி என் உள்ளங்கை அளவு.
அதன் நாக்கு நுனியில்
மூக்குத்திப் பொட்டு போலத் தங்கம்,
தங்கத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள்.
எலி மூத்திரத்திலிருந்து வெள்ளத்துக்கும்
வெள்ளத்திலிருந்து வெடித்த குதிகாலுக்கும் ஏறிவரும்
அந்தச் சுருள் கிருமி, நுனி வளைந்து
கேள்விக்குறி போலிருப்பது,
இரத்தத் துளியோடு வந்தால்
கொக்கி விடாது.
பிடித்த இடத்தில் மின்சாரம் நடக்க வழியிருக்காது.
எண் இறங்கும்.
இறங்கினால் நோய்.
மார்க்கு குறைவது நல்லதில்லை என்று
இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

தினமும் முதல் துளி என்னுடையது.
நோயில்லாத இரத்தம் எப்படியிருக்கும் என்று
கருவிக்கு நினைவூட்ட வேண்டும்.
பதிவேட்டில் அதற்குத் தனிப் பத்தி:
நோயில்லாதவர், ஜெ. ஷெர்லின் றோஸ், வயது இருபத்தொன்பது.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று.
பதினெட்டு நாள் ஒரே பாட்டு.

பிறகு பால்வெட்டு முடித்து வருவார்கள்,
நெற்றி விளக்கை அணைக்க மறந்து
வெயிலில் ஒருவர்.
முதல் நாளே விரலை நீட்டினாள் சுசீலாபாய்:
"நாங்க மரத்த சாய்ச்சு வெட்டுவோம்,
நீ நேரே குத்துத.
பாலு வருமா?"
வந்தது.
"ஒரு சிரட்டைக்குக் காணாது" என்றாள்.

வியாழக்கிழமை, முதல் துளி:
பத்தொன்பது.

ஈரம், என்றேன்.
புகைப்புரைக்குள்ளும் ஈரம் வரும் நாட்கள் உண்டு.
சிப்பை மாற்றினேன். இருபது.
டப்பாவையே மாற்றினேன், வேறு விரல்.
பத்தொன்பது.
வெறும் உப்புக் கரைசலை வைத்தேன்:
நாற்பத்துமூன்று என்று
ஒன்றும் அறியாத பிள்ளைபோல் நின்றது.

வரிசை பார்த்துக்கொண்டிருந்தது.
"மெஷின் கேடாப் போச்சா?" என்றார் வறுவேல்.
சுசீலாபாய் எண்ணைப் பார்க்கவில்லை.
"கண்ணு செவந்து கெடக்கு.
கெண்டக்காலு கடுக்குதா பிள்ளே?"

கடுத்தது. மூன்று நாளாய்.
மலையேறிய வலி என்று தைலம் தேய்த்திருந்தேன்.
கண்ணுக்குத் தூக்கமின்மை என்று பேர் வைத்திருந்தேன்.
பத்து நாள் முன்பு சானல் உடைந்து
ரோடெல்லாம் வெள்ளம் நின்றபோது
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தது,
அந்தச் செருப்பு கடித்த புண்.

முப்பத்தேழு பேரிடம் கேட்டிருக்கிறேன் ஏழாம் கேள்வி:
வெள்ளத்தில் நின்றீர்களா, காலில் காயம் உண்டா?
நோயில்லாதவர் பத்தியில்
கேள்விகளே அச்சாகவில்லை.

என் பெயரை அடித்தேன்.
முப்பத்தெட்டாம் வரியில் எழுதினேன்.
பரிசோதித்தவர், பரிசோதிக்கப்பட்டவர்,
இரண்டு கட்டத்திலும் ஒரே கையெழுத்து;
இரண்டாவது கொஞ்சம் சரிந்து.

இனி கருவிக்கு நினைவூட்ட யார்?
சுசீலாபாய் முந்தானையில் விரலைத் துடைத்து
மறுபடி நீட்டினாள்.
நாற்பத்திரண்டு.
காலியான பத்தியில் அவள் பெயர்.
எட்டி நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
"இதுல ஒரு காப்பி எடுத்துத் தா பிள்ளே,
எனக்க மாமியாருக்குக் காட்டணும்."

குலசேகரத்துக்கு இறங்கும் ஜீப்பில்
குளிரத் தொடங்கியது.
மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரங்கள்
இரண்டு பக்கமும் ஓடின.
மடியில் சிப் டப்பா, பஞ்சு அழுத்திய விரல்கள்.
பயப்படாதீங்க, ஆரம்பத்திலேயே கண்டுபிடிச்சாச்சு,
மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்க என்று
முப்பத்தேழு பேருக்குப் பழகிய குரலில்
எனக்குச் சொல்லிப் பார்த்தேன்.
சரியாக வரவில்லை.